சாவடி முதல் சாவடி வரை: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலைகளுக்குக் காசு கொடுத்தது யார்?

ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலையைச் செப்பனிடும் செலவு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஆட்களின் தலையில் விழுந்திருக்கிறது. வண்டி ஓட்டியவர் கொடுத்த காலம் உண்டு. வண்டியே இல்லாத உழவர் நிலவரியோடு சேர்த்துக் கட்டிய காலமும் உண்டு. பிறகு அந்தச் செலவு மோட்டார் வண்டி வைத்திருந்தவர் மேலும், அவர் வாங்கும் பெட்ரோல் மேலும் ஏறியது. இன்று அதே நெடுஞ்சாலையில் நெமிலி சுங்கச்சாவடியைக் கடக்கும் லாரிக்காரர் டீசலிலும் கொடுக்கிறார், சாவடியிலும் கொடுக்கிறார். ஒன்றுக்கு மாற்றாகத்தான் மற்றொன்று வந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டனர். அந்த மாற்றத்தின் கதை நினைவில் வைக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் சுங்கம் என்ற சொல் சாலைச் செலவோடு பிறந்தது அல்ல. சோழர் காலத்தில் அது சரக்கின் மேல் விழுந்த வரி. முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றது அந்த வரியை நீக்கியதால்தான். பெருவழிகள் அன்றும் இருந்தன. ஆனால் அவற்றைப் பேணும் பொறுப்புக்கும் சுங்கத்துக்கும் நேரடி முடிச்சு போடப்படவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியிலும் நெடுங்காலம் இதே நிலைதான். 1763-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டு ஜாகிரைப் பெற்ற கம்பெனி, வழியோரச் சாவடிகளில் சரக்குத் தீர்வையை வாங்கிக்கொண்டே இருந்தது. சென்னை மாகாணத்தில் அந்த உள்நாட்டுத் தீர்வை 1844-ல் ஒழிக்கப்பட்டது. நெல்லும் துணியும் ஏற்றிய வண்டி ஊருக்கு ஊர் நின்று வரி கட்ட வேண்டிய நிலை அத்துடன் தீர்ந்தது.

தீர்வை போனாலும் சாலை மோசமாகவே கிடந்தது. சென்னையிலிருந்து பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக மேற்கே போன பெருஞ்சாலை ராணுவத்துக்கும் தபாலுக்கும் முதுகெலும்பு. ஆங்கிலேயர் அதை மேற்குப் பெருஞ்சாலை என்றே அழைத்தார்கள். வழிப்போக்கர் தங்கிய சத்திரங்களின் நினைவு சுங்குவார்சத்திரம் என்ற ஊர்ப்பெயரில் இன்றும் இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் மாட்டுவண்டி அச்சளவு சேற்றில் இறங்கும். 1852-ல் வெளிவந்த சென்னைப் பொதுப்பணிக் குழுவின் அறிக்கை மாகாணச் சாலைகளின் நிலையைக் கடுமையாகக் குறை கூறியது. அதற்கு ஓராண்டு முன்புதான், 1851-ல், பொதுச் சாலைகளிலும் பாலங்களிலும் கட்டணம் வாங்க அரசுக்கு அதிகாரம் தரும் இந்தியச் சுங்கக் கட்டணச் சட்டம் வந்திருந்தது. அந்தச் சட்டம் இன்றும் சட்டப்புத்தகத்தில் இருக்கிறது.

1856-ல் சென்னைக்கும் ஆற்காட்டுப் பகுதிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. பாதை திருவள்ளூர், அரக்கோணம் வழியாகப் போனது. ஸ்ரீபெரும்புதூர் ஒதுங்கிக்கொண்டது. ஊருக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. பிற்காலத்தில் இந்த வட்டாரம் தொழிற்சாலைகளால் நிறைந்தபோது சரக்கின் பெரும்பங்கு சக்கரத்தின் மேல்தான் போக வேண்டியிருந்தது என்பதற்கு வேர் அந்த 1856-ல் இருக்கிறது.

ரயில் வந்த பின் நெடுந்தூரச் சாலைகளின் மீது அரசுக்கு இருந்த அக்கறை குறைந்தது. உள்ளூர்ச் சாலைகளின் பொறுப்பு உள்ளூர் ஆட்களிடமே தள்ளப்பட்டது. 1866-ல் சென்னை மாகாணம் நிலத்தின் மேல் சாலை வரி ஒன்றைச் சட்டமாக்கியது. 1871-ன் உள்ளூர் நிதிச் சட்டமும் 1884-ன் உள்ளாட்சிச் சட்டமும் அதை விரிவாக்கின. இந்த ஏற்பாட்டின்படி ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த உழவர், தன் நிலத் தீர்வையோடு சாலைக்கும் சேர்த்துக் கட்டினார். அந்தச் சாலையில் அவர் வண்டி போகிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் அந்தப் பணத்தில் கப்பி உடைத்துப் போட்டன, சிறு பாலங்கள் கட்டின, இரு புறமும் புளிய மரம் நட்டன. நிழலுக்காக நட்ட மரம் வருமானத்துக்கும் ஆயிற்று. புளியம்பழ மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விட்டு, அந்தக் காசும் போர்டின் கணக்கில் சேர்ந்தது. நெடுஞ்சாலைத் துறையினர் சாலையோரப் புளிய மரங்களை ஏலம் விடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சாலை தன் செலவில் ஒரு பகுதியைத் தானே விளைவித்துக்கொண்ட அரிய ஏற்பாடு அது. சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் முதலில் வெட்டுண்டவையும் அந்த மரங்கள்தான்.

போர்டுகளுக்கு இன்னொரு வரவும் இருந்தது. ஊர் எல்லையிலும் ஆற்றங்கரையிலும் கேட் போட்டு, மாட்டுவண்டிக்கு இவ்வளவு, குதிரைவண்டிக்கு இவ்வளவு என்று வசூலித்தார்கள். கேட்டை ஏலம் எடுத்த குத்தகைக்காரர் போர்டுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு மிச்சத்தைத் தன் பையில் போட்டுக்கொள்வார். சென்னை வடபகுதியில் ‘டோல்கேட்’ என்றே ஓர் இடமும், திருச்சியில் ‘நம்பர் 1 டோல்கேட்’ என்று ஓர் ஊரும் அந்தக் காலத்தின் எச்சங்கள்.

இந்த முறையைக் குலைத்தது மோட்டார். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு முடிவதற்குள் லாரியும் பஸ்ஸும் கப்பிச் சாலைகளைத் தூளாக்கத் தொடங்கின. இரும்புப் பட்டை மாட்டிய வண்டிச் சக்கரம் கல்லை நசுக்கியது. வேகமாகச் சுழலும் ரப்பர் டயரோ கல்லுக்கு இடையே இருந்த மண்ணை உறிஞ்சிப் புழுதியாகப் பறக்கவிட்டது. தார் போடாமல் தீராது என்றாயிற்று. தார் போட ஜில்லா போர்டிடம் காசு இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இதே சிக்கலுக்கு 1919-ல் ஒரு விடை கண்டது: காலனுக்கு ஒரு சென்ட் பெட்ரோல் வரி, வந்த பணம் சாலைக்கு. அதிகம் ஓடுகிறவர் அதிகம் எரிக்கிறார், அதிகம் எரிப்பவர் அதிகம் கொடுக்கிறார். சாவடி கட்ட வேண்டாம், வண்டியை நிறுத்த வேண்டாம்.

இந்தியாவில் 1927-ல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் அமைந்த குழு இந்த வழியையே பரிந்துரைத்தது. சாலைகளை வளர்ப்பது மாகாணங்களும் உள்ளாட்சிகளும் மட்டும் தாங்கக்கூடிய சுமையாக இல்லை, அது தேசத்தின் வேலை ஆகிவிட்டது என்பது அக்குழுவின் வாதம். 1929 மார்ச் முதல் பெட்ரோல் மீது காலனுக்கு 2 அணா கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டு, மத்திய சாலை நிதி பிறந்தது. ஒரு சிறு பகுதியை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை எந்த மாகாணத்தில் எவ்வளவு பெட்ரோல் செலவாயிற்றோ அந்த விகிதத்தில் பிரித்துக் கொடுத்தார்கள். வசூலான இடத்துக்கே பணம் திரும்பும் இந்த நேர்மை, பிற்காலத்தில் வந்த எந்த ஏற்பாட்டிலும் இவ்வளவு தெளிவாக இல்லை.

சென்னை மாகாணம் அடுத்த அடியை எடுத்து வைத்தது. 1931-ல் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகளின் டோல்கேட்டுகள் நீக்கப்பட்டன. அவற்றால் இழந்த வருமானத்துக்கு மாகாண அரசு வாகன வரியிலிருந்து ஈடு கொடுத்தது. இந்த வரலாற்றின் நடு முடிச்சு இதுதான். கேட்டைத் தூக்கிவிடுகிறோம், அதற்குப் பதிலாக வண்டிக்கு வரி கட்டுங்கள் என்பது அன்றைய உடன்பாடு.

பெட்ரோல் மீது யாருக்கு உரிமை என்ற வழக்கும் விரைவிலேயே எழுந்தது. மத்திய மாகாணமும் பேராரும் பெட்ரோல் விற்பனைக்கு வரி போட்டபோது, கலால் வரி தனக்கே உரியது என்று மத்திய அரசு எதிர்த்தது. இந்தியக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முன் வந்த முதல் வழக்கே அதுதான். உற்பத்தி மீதான வரி மத்திய அரசுக்கு, விற்பனை மீதான வரி மாகாணத்துக்கு என்று 1938 இறுதியில் தலைமை நீதிபதி மாரிஸ் குயர் அமர்வு கருத்துச் சொன்னது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணம் பெட்ரோல் விற்பனை வரிச் சட்டம் இயற்றியது. இன்று ஒரே லிட்டரின் மேல் டெல்லியின் கலால் வரியும் சென்னையின் வாட் வரியும் அடுக்காக ஏறி நிற்பதற்கு அடித்தளம் அந்தக் கருத்து. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. எந்த அரசும் இந்த வருமானத்தை விட்டுக்கொடுக்க மனம் கொள்ளவில்லை.

சாலை நிதி மட்டும் வளரவே இல்லை. தீர்வை இரண்டரை அணாவுக்கு உயர்ந்து அங்கேயே நின்றது. மெட்ரிக் கணக்கில் அது லிட்டருக்கு மூன்றரைக் காசு. பெட்ரோல் விலை பல மடங்கு ஏறியும் சாலைக்கான பங்கு அதே மூன்றரைக் காசாகவே பல பத்தாண்டுகள் இருந்தது. 1988-ல் அதை விலையின் சதவீதமாக மாற்ற நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் நடைமுறைக்கு வரவில்லை. கலால் வரியில் வந்த பெருந்தொகை பொதுக் கருவூலத்தில் கலந்தது. பிரிட்டனிலும் இதுவே நடந்தது. 1926-ல் நிதியமைச்சராக இருந்த சர்ச்சில் சாலை நிதியில் கைவைத்தார். 1937-ல் அந்த நிதி தனித்தன்மையையே இழந்தது. சாலையின் பெயரால் திரண்ட பணத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த கருவூலம் உலகில் அரிது.

இந்த வறட்சியின் இறுதியில்தான் ஸ்ரீபெரும்புதூர் மாறத் தொடங்கியது. 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் அடியெடுத்து வைத்தது. 1998-ல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. செயின்ட் கோபேன் கண்ணாடி ஆலை, நோக்கியா, சாம்சங் என வரிசை நீண்டது. தெற்கே ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிசான் ஆலையும், 2012-ல் டைம்லரின் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. அப்போலோ டயர்ஸும் ராயல் என்ஃபீல்டும் பக்கத்திலேயே வந்து அமர்ந்தன. நெல்வயலும் ஏரிக்கரையுமாக இருந்த ஊர்களின் வழியே, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் கார் ஏற்றிய நீண்ட டிரெய்லர்களையும் கண்டெய்னர்களையும் சுமக்க வேண்டியதாயிற்று. இவை இரண்டும் மாநில நெடுஞ்சாலைகள். தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் வழியாக அரசு நிதியில் அவை அகலமாக்கப்பட்டன.

தேசிய நெடுஞ்சாலையின் கதை வேறு. 1998-99 காலத்தில் மத்திய அரசு பெட்ரோல் மீதும், பின்னர் டீசல் மீதும் லிட்டருக்கு 1 ரூபாய் கூடுதல் தீர்வை (செஸ்) விதித்தது. 2000-ல் மத்திய சாலை நிதிச் சட்டம் அதற்கு உருக்கொடுத்தது. டீசல் செஸ்ஸில் பாதி கிராமச் சாலைகளுக்கு. மீதத்தில் 57.5 சதவீதம் தேசிய நெடுஞ்சாலைக்கு, 30 சதவீதம் மாநிலச் சாலைகளுக்கு, 12.5 சதவீதம் ரயில்வே மேம்பாலங்களுக்கு. 2003-ல் ஒன்றரை ரூபாய், 2005-ல் 2 ரூபாய் என்று செஸ் உயர்ந்தது. இந்த வரவை நம்பிக் கடன் வாங்கித்தான் தங்க நாற்கரச் சாலை போடப்பட்டது. அதன் சென்னை – பெங்களூரு பகுதி ஸ்ரீபெரும்புதூர் வழியாகவே செல்கிறது. எரிபொருளில் வந்த காசு கண்ணுக்குத் தெரியும் சாலையாக மாறிய காலம் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் அதே சாலையில் சாவடியும் வந்தது. 1931-ன் உடன்பாடு ஓசையில்லாமல் கைவிடப்பட்டது. வாகன வரி நீங்கவில்லை, எரிபொருள் வரி நீங்கவில்லை, கேட் மட்டும் திரும்பியது. 2008-ன் கட்டண விதிகள் ஆண்டுதோறும் உயர்வுக்கு வழி செய்தன. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. கட்டணம் கொடுத்தும் சாலை குண்டும் குழியுமாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தச் சாலையே ஒரு தீர்ப்பைப் பெற்றுத் தந்தது. 2020 டிசம்பரில், மதுரவாயல் – வாலாஜாபேட்டை இடையே சாலை சீராகும்வரை அங்குள்ள இரண்டு சாவடிகளிலும் பாதிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்டணம் என்பது சேவைக்கு விலை. சேவை பாதியானால் விலையும் பாதி. எரிபொருள் வரிக்கு இப்படி ஒரு தீர்ப்பு வர வழியே இல்லை. வரிக்கும் அதன் பயனுக்கும் நேர்க்கணக்குக் கேட்கச் சட்டம் இடம் தருவதில்லை.

2018-க்குப் பிறகு எரிபொருள் வரியின் உள்கட்டு தலைகீழாயிற்று. அந்த ஆண்டு பட்ஜெட்டில் சாலை செஸ், சாலை மற்றும் உட்கட்டமைப்பு செஸ் என்று பெயர் மாறி லிட்டருக்கு 8 ரூபாய் ஆனது. 2020 மே மாதம், பெருந்தொற்றுக்கு நடுவே, 18 ரூபாய்க்கு எகிறியது. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைக்கப்பட்டு, பெட்ரோலில் 5 ரூபாயாகவும் டீசலில் 2 ரூபாயாகவும் நின்றது. 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பின் ஒரு லிட்டர் டீசலில் மத்திய வரி மொத்தம் 17 ரூபாய் 80 காசு ஆனது. அதில் அடிப்படைக் கலால் 1.80, வேளாண் செஸ் 4, சாலை செஸ் 2, மிச்சம் 10 ரூபாய் சிறப்புக் கூடுதல் கலால். அரசமைப்பின் 270-வது பிரிவின்படி செஸ்ஸும் கூடுதல் வரியும் மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. அந்த 17.80-ல் பங்குக்கு வந்தது வெறும் 1 ரூபாய் 80 காசு. தமிழ்நாடு தன் பங்குக்கு டீசல் மீது 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் வாட் விதிக்கிறது. 2020 மே மாதம் வகுத்த வீதம் அது. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மட்டும் 3 ரூபாய் குறைத்தது. இந்த வாட் வருமானம் முழுவதும் மாநிலத்தின் பொதுக் கணக்கில் சேர்கிறது. இவ்வளவு சாலைக்கு என்ற கட்டாயம் எதுவும் அதற்கு இல்லை.

சாலை எதனால் கெடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் எரிபொருள் வரியின் குறை புலப்படும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது. சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சின் பாரத்துக்கு ஏறக்குறைய நான்காம் படியில் கூடுகிறது என்று அது காட்டியது. பாரம் இரு மடங்கானால் சேதம் 16 மடங்கு. 1 டன் அச்சுள்ள காரையும் 10 டன் அச்சுள்ள லாரியையும் ஒப்பிட்டால், அச்சுக்கு அச்சு சேதம் 10,000 மடங்கு. டீசல் செலவோ அப்படிக் கூடுவதில்லை. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் காருக்கும் 4 கிலோமீட்டர் ஓடும் லாரிக்கும் இடையே வரி வித்தியாசம் வெறும் 5 மடங்கு. 2018-ல் இரட்டைச் சக்கர அச்சின் பார வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. நான்காம் படிக் கணக்கில் சேதம் ஏறக்குறைய 60 சதவீதம் கூடும். ஒரகடம் சந்திப்பில் பிரேக் போட்டு நிற்கும் லாரிகளின் சக்கரத் தடத்தில் தார் அலைஅலையாகப் பிதுங்கி நிற்பதும், ஐப்பசி மழையில் அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கி ஜல்லி பெயர்வதும் இந்தக் கணக்கின் நேர்க்காட்சி. அந்தப் பள்ளத்தில் சறுக்கி விழுபவர் பெரும்பாலும் ஷிப்டு முடிந்து இருசக்கர வண்டியில் வீடு திரும்பும் தொழிலாளி. சாலைக்கு ஏறக்குறைய எந்தச் சேதமும் செய்யாதவர் அவர்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. எரிபொருள் வரி தொட்டி நிரம்பிய இடத்துக்குப் போகிறது. தேய்மானம் ஓடிய இடத்தில் விழுகிறது. விலை குறைவான மாநிலத்தில் டீசல் நிரப்பிக்கொள்வது நெடுந்தூர லாரிக்காரர்களின் பழைய வழக்கம். நியூசிலாந்து 1978 முதல் டீசல் வண்டிகளுக்கு எடையையும் ஓடிய தூரத்தையும் கணக்கிட்டு நேரடியாகக் கட்டணம் வாங்குகிறது. இவ்வட்டாரத்துக்கு அதுவே பொருத்தமான முறை.

பராமரிப்பு பணத்தால் மட்டும் நடப்பதில்லை, ஆள் வேண்டும். மழைநீர் ஓடும் ஓரக்கால்வாயைத் தூர்வாரி, சிறு பள்ளத்தை அன்றே அடைக்கும் சாலைப் பணியாளர்களில் சுமார் 10,000 பேரைத் தமிழக அரசு 2002 செப்டம்பரில் பணிநீக்கம் செய்தது. 41 மாதங்களுக்குப் பிறகுதான் அவர்கள் திரும்பினார்கள். தீர்ந்த கால்வாய்ப் பணியும் தீராத பள்ளமும் எந்த வரிக்கணக்கிலும் தெரியாது, சாலையில் தெரியும்.

262 கிலோமீட்டர் நீளமான சென்னை – பெங்களூரு விரைவுச்சாலைக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. அது இந்த வட்டாரத்தில்தான் வந்து முடிகிறது. அதிலும் சுங்கக் கட்டணம் உண்டு. இதற்கிடையில் 2025 ஜனவரியில் ஹூண்டாய் தன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் தயாரித்த மின்சாரக் கிரெட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்வாகனங்களுக்கு 2025 இறுதி வரை மாநில அரசு சாலை வரியில் முழு விலக்கு அளித்திருந்தது. பெட்ரோல் பங்குக்குப் போகாத அந்த வண்டி எரிபொருள் வரியாக ஒரு காசும் கொடுப்பதில்லை. ஆலையை விட்டு நெடுஞ்சாலையில் ஏறி மேற்கே போகும்போது, அது ஓடும் சாலைக்காகக் கொடுக்கும் நேரடிக் காசு ஒன்றுதான்: நெமிலி சாவடியில் ஃபாஸ்டேக்கிலிருந்து கழியும் கட்டணம்.